தென்பனிக் கடலில் நம் பிள்ளைகள்

(எல்லையோரத் தமிழ் வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழிஞ்சாம்பாறை, சித்தூர், முதலமடை என்று பாலக்காட்டு எல்லையிலிருந்து சிலரும், மூணாறு, மறையூர், பீர்மேடு, குமுளி என்று இடுக்கி மலைகளிலிருந்து பலரும் வந்திருக்கிறீர்கள். வாரத்தில் ஒருநாள்தான் ஓய்வு. அந்த ஞாயிற்றுக்கிழமையை இந்தக் கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் நன்றி.

நம் ஊர்கள் எதிலும் கடல் கிடையாது. கடலைப் பார்க்க மலையிறங்கிக் கொச்சிக்கோ, பொன்னானிக்கோ போக வேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் முன்னால் உலகத்தின் தென்கோடியிலுள்ள பனிக்கடலைப் பற்றியும், அங்கே போகிற சுற்றுலாக் கப்பல்களின் வாழ்க்கையைப் பற்றியும் பேச ஏன் வந்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தேயிலைக் கொழுந்து கிள்ளிய தாய்மாரின் பிள்ளைகள் இன்று கேட்டரிங் படிக்கிறார்கள், ஓட்டல் நிர்வாகம் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் அவர்களில் பலருக்கு வருகிற முதல் ஆசை கப்பல் வேலை. சமையல், பரிமாறுதல், அறை ஒழுங்கு, சலவை, காவல் என்று அங்கே நூறு வேலைகள் உண்டு. போகிற பிள்ளைகளுக்கும், அவர்களை வழியனுப்பும் பெற்றோருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். பனிக்கடலுக்குப் போகும் கப்பலில் பயணியின் உயிரைக் காப்பவர் பணியாளர். போய் இறங்கும் நிலம் கெடாமல் காப்பதிலும் பாதிக்கு மேல் பணியாளரின் கையில்தான் இருக்கிறது. அப்படியானால் அந்தப் பணியாளரைக் காப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு நம் பிள்ளைகள் கப்பல் ஏற வேண்டும்.

அந்தக் கடல் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். தென் அமெரிக்காவின் தென்கோடியில், அர்ஜென்டினா நாட்டில், உஷுவாயா என்றொரு துறைமுகம். அண்டார்க்டிகாவுக்குப் போகும் சுற்றுலாக் கப்பல்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் புறப்படுகின்றன. பீகிள் கால்வாயைத் தாண்டியதும் டிரேக் நீரிணை வருகிறது. ஹார்ன் முனைக்கும் தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர் அகலமுள்ள கடல் அது. கடக்க ஏறத்தாழ இரண்டு நாளாகும். அந்த அட்சரேகைகளில் மேற்குக் காற்றை மறிக்க உலகத்தில் எங்கும் நிலமே இல்லை. காற்று பூமியைச் சுற்றிச் சுற்றி வருகிறது, அலையும் அதோடு வளர்ந்துகொண்டே வருகிறது. கடல் நல்ல குணத்தில் இருந்தால் பயணம் சுகம். கோபத்தில் இருந்தால் எழுந்து நிற்கவே கைப்பிடி வேண்டும்.

கப்பல்கள் போவது நவம்பர் முதல் மார்ச் வரை, அதாவது அந்தப் பக்கத்துக் கோடைகாலத்தில். டிசம்பரில் அங்கே இரவு என்று சொல்லும்படி இருட்டே வராது. அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் கரையில் அப்போது வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி இருக்கும். ஜனவரி விடியற்காலையில் மூணாற்றுச் செண்டுவாரையிலும் லட்சுமி எஸ்டேட்டிலும் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும்போது உடம்பில் படும் குளிர் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆகவே மூணாற்றுப் பிள்ளைகளுக்குக் குளிர் புதிதல்ல. புதியது அங்கே வீசும் காற்று. அதைவிடப் புதியது அந்த நீர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அங்கே ஒழுங்கான சுற்றுலாப் பயணங்கள் தொடங்கி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்தான் ஆகின்றன என்று சொல்லலாம். லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்னும் ஸ்வீடிஷ் அமெரிக்கர் 1966இல் பயணிகளை அழைத்துக்கொண்டு போனார். 1969இல் அதற்கென்றே ஒரு சிறு கப்பலைக் கட்டினார். இன்று ஒரு பருவத்தில் போகிறவர்களின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நம் நாடு வேறு வழியில் போனது. 1981 டிசம்பர் 6ஆம் தேதி கோவாவிலிருந்து ‘போலார் சர்க்கிள்’ என்ற வாடகைக் கப்பலில், சையத் ஜாகூர் காசிம் தலைமையில், 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு புறப்பட்டு 1982 ஜனவரி 9ஆம் தேதி அண்டார்க்டிகாவில் கால்வைத்தது. தட்சிண கங்கோத்ரி, மைத்ரி, பாரதி என்று ஒன்றன்பின் ஒன்றாக நம் ஆய்வு நிலையங்கள் எழுந்தன. திருவாரூர்ப் பக்கம் சன்னாநல்லூரில் பிறந்த கர்னல் பா. கணேசன் 1980களின் இறுதியில் தட்சிண கங்கோத்ரியின் குளிர்காலக் குழுவுக்குத் தலைமையேற்றார். தமிழர் காலடி பட்ட பனிதான் அது.

வரலாறு எழுதும்போது தலைவர்களின் பெயரே முன்னால் வரும். நான் இங்கே ஒரு சமையற்காரரின் பெயரைச் சொல்ல விரும்புகிறேன். 1915இல் துருவப் பயணி ஷாக்கில்டனின் ‘எண்டூரன்ஸ்’ கப்பல் பனியில் சிக்கி நொறுங்கி மூழ்கியது. 28 பேர் மிதக்கும் பனிமேல் மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். பிறகு படகுகளில் ஏறி எலிஃபன்ட் தீவை அடைந்தார்கள். உதவி தேடி ஷாக்கில்டன் ஐந்து பேரோடு புறப்பட்டுப் போக, மீதி 22 பேர் அந்தத் தீவிலேயே காத்திருந்தார்கள். சார்ல்ஸ் கிரீன் என்பவர் அந்தக் கப்பலின் சமையற்காரர். பனிப்பரப்பின் மேல், சீல் கொழுப்பை எரித்த அடுப்பில், சீல் இறைச்சியையும் பெங்குவின் இறைச்சியையும் வேகவைத்து அத்தனை பேரின் உயிரையும் பிடித்து வைத்தவர் அவர். 1916 ஆகஸ்ட் 30ஆம் தேதி மீட்புக் கப்பல் வந்தபோது 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். தலைவனின் துணிவைப் போற்றுவோம். அந்த அடுப்பை அணையாமல் வைத்தவனையும் போற்றுவோம்.

இனி இன்றைய கப்பலுக்குள் போவோம். தென்கடலுக்குப் போகும் கப்பல்கள் இரண்டு விதம். ஆயிரம் ஆயிரமாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு, கரையில் யாரையும் இறக்காமல், பனிமலைகளைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் பெரிய கப்பல் ஒன்று. நூறு, இருநூறு பயணிகளோடு போய், சோடியாக் என்கிற ரப்பர் படகுகளில் அவர்களைக் கரையிறக்கும் சிறிய கப்பல் இன்னொன்று. இரண்டிலும் வாழ்க்கை மேலே ஒன்றாகவும் கீழே வேறாகவும் இருக்கிறது.

மேலே பெரிய கண்ணாடி ஜன்னல், வெந்நீர்க் குளம், விரிவுரை அரங்கு, ஐந்து வேளை உணவு. கீழே, நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்கும் அடியிலோ, பணியாளர் தங்கும் தளம். பெரும்பாலும் ஜன்னல் இருக்காது. ஓர் அறையில் இரண்டு பேர், சில கப்பல்களில் அதற்கு மேலும் இருப்பார்கள். அடுக்குக் கட்டில், ஒரு சிறு அலமாரி, ஒரு குளியலறை. எஸ்டேட் லயத்தில் ஒற்றை அறையில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய்மாருக்கு அந்த நெருக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை. லயத்தில் கதவைத் திறந்தால் முற்றம் உண்டு. அங்கே கதவைத் திறந்தால் இன்னொரு இரும்பு நடைபாதைதான்.

வேலை நேரத்தைப் பாருங்கள். உணவகப் பணியாளன் விடியுமுன் எழுந்து காலை உணவுக்கு மேசை போடுகிறான். அது முடிந்ததும் மதியத்துக்கான ஏற்பாடு. நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் படுக்கை. மாலையில் மறுபடி சீருடை போட்டால் இரவு விருந்து முடிந்து, தட்டு கழுவி, தரை துடைத்து வர நள்ளிரவு நெருங்கிவிடும். பத்து மணி நேர வேலை சாதாரணம். ஞாயிறு என்று ஒன்று கிடையாது. ஒப்பந்தம் ஆறு மாதமென்றால் ஆறு மாதமும், ஒன்பது மாதமென்றால் ஒன்பது மாதமும், வாரத்தின் ஏழு நாளும் வேலை நாளே. இதை எந்த விளம்பரப் படத்திலும் பார்க்க முடியாது. ஆகையால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

டிரேக் நீரிணையில் இந்த வேலை இரட்டிப்பாகிறது. மேசைமேல் வழுக்காத விரிப்புப் போட வேண்டும். நாற்காலிகளைக் கட்ட வேண்டும். கொதிக்கும் சூப்பு அண்டாவைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. கத்தி எல்லாம் உறைக்குள். பயணிகள் வாந்தியெடுத்துப் படுத்திருப்பார்கள். வாந்தியெடுத்த பணியாளன் முகம் கழுவிக்கொண்டு அவர்களுக்கு இஞ்சித் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டு போவான். கடல் நோய் எல்லோருக்கும் ஒன்றுதான், படுத்துக்கொள்ளும் உரிமையில்தான் வேறுபாடு. முதல் முறை போகிறவர்கள் தங்களுக்கு மட்டும் இப்படி ஆகிறதென்று கலங்க வேண்டாம். பழகிய மாலுமிக்கும் அந்தக் கடலில் வயிறு புரளும்.

அங்கே நல்லதும் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். பணியாளர் மெஸ்ஸில் சோறு கிடைக்கும். இந்தியர் அதிகமாக இருந்தால் பருப்பும் குழம்பும் கிடைக்கும். பிலிப்பைன்ஸ்காரன், இந்தோனேசியாக்காரன், கோவாக்காரன், தமிழன், மலையாளி எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவன் வீட்டில் சாவு விழுந்தால் மற்றவர்கள் அவன் வேலையையும் சேர்த்துச் செய்வார்கள். சம்பளம் டாலரில் வருகிறது. அந்தப் பணத்தில் தங்கையின் படிப்பு முடிகிறது, எஸ்டேட் வேலையோடு காலி செய்ய வேண்டிய லயத்துக்குப் பதிலாகச் சொந்த மனை கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உலகத்தில் மிகச் சிலரே பார்த்த ஒன்றை அவர்கள் பார்க்கிறார்கள். சலவைக் கூடத்திலிருந்து டெக்குக்கு ஏறி வந்த ஐந்து நிமிடத்தில் திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பார்க்கிறவர்கள் அவர்கள்.

பயணியைக் காப்பது பற்றிச் சொன்னேன். அந்த நீரைப் பற்றிச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். பூச்சியம் பாகைக்கு அருகில் உள்ள நீரில் விழுந்தவனுக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சே கட்டுப்படாது. திணறி இழுக்கும் மூச்சில் தண்ணீர் உள்ளே போய்விடும். அதைத் தாண்டினால் ஏறக்குறைய பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். பிறகு கேட்காது. ஒரு மணி நேர அளவில் நினைவு தப்பும். கடல் மீட்புப் பயிற்சியில் இந்தக் கணக்கைத்தான் சொல்லித் தருகிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவனையும் அந்த நீர் விடாது. மிதக்க வைக்கும் உயிர்காப்புச் சட்டையும், சரியான நேரத்தில் வரும் படகும்தான் காப்பாற்றும்.

நான் முன்பு சொன்ன லிண்ட்பிளாடின் சிறு கப்பல் பிற்காலத்தில் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. 2007 நவம்பர் 23ஆம் தேதி தெற்கு ஷெட்லாந்து தீவுகளின் அருகே பனியில் மோதி உடம்பு கிழிந்து அன்றே மூழ்கியது. அதில் 154 பேர் இருந்தார்கள். எல்லோரும் உயிர்காப்புப் படகுகளில் இறங்கி, குளிரில் மணிக்கணக்கில் காத்திருந்து, ‘நார்ட்நார்ஜே’ என்ற கப்பலால் மீட்கப்பட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அன்று கடல் அமைதியாக இருந்தது என்பது பேறு. நடுராத்திரியில் மக்களை எழுப்பி, சட்டை மாட்டி, கூட்டுமிடத்துக்குக் கொண்டுவந்து, வரிசையாகப் படகில் இறக்கியது பயிற்சி. அந்தப் பயிற்சியை எடுத்தவர்களில் அறை துடைப்பவரும் உண்டு, சாப்பாடு பரிமாறுபவரும் உண்டு.

இதை இடுக்கியில் நின்று சொல்லும்போது இன்னொரு தேதியை நான் தாண்டிப் போக முடியாது. 2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்னும் இரட்டை அடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். அது உறைநீர் அல்ல. கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. படகில் உல்லாசமாக ஏறியவர்களின் உடம்பில் உயிர்காப்புச் சட்டை இல்லை. இன்று தேக்கடிப் படகில் ஏறுகிற ஒவ்வொருவரும் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். 45 குடும்பங்கள் அழுத பிறகு நமக்கு உறைத்த பாடம் அது.

பெரிய நாடுகளும் இப்படித்தான் கற்றன. 2012 ஜனவரி 13ஆம் தேதி இத்தாலியக் கரையில் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தது. அன்று புதிதாக ஏறிய பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி அதுவரை நடக்கவில்லை. இறந்த 32 பேரில் ஒருவர் இந்தியர், உணவகப் பணியாளர். அவருடைய உடல் கிடைக்க 2014 நவம்பர் ஆயிற்று. இப்போது, 2015 முதல், கப்பல் புறப்படும் முன்னாலோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தியே ஆக வேண்டும் என்பது உலக விதி. துருவக் கடல்களுக்கென்றே தனி விதித்தொகுப்பு 2017 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே தம்பி தங்கைகளே, ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அது கூட்டுமிடத்துக்கு வரச் சொல்லும் அவசர அழைப்பு. பயிற்சிதானே என்று சலித்துக்கொள்ளும் சக பணியாளனோடு நீங்கள் சேரக் கூடாது. அந்தச் சில நிமிடங்களுக்கு நீங்கள் பரிமாறுபவர் அல்ல, முன்னால் நிற்கும் நூறு பேரின் உயிருக்குப் பொறுப்பாளி.

இனி, போய் இறங்கும் நிலம். அண்டார்க்டிகாவுக்குச் சொந்தக்காரர் என்று உலகம் ஒப்புக்கொண்ட நாடு எதுவும் கிடையாது. 1959இல் கையெழுத்தான உடன்படிக்கை அதை அமைதிக்கும் அறிவியலுக்கும் ஒதுக்கியது. இந்தியா 1983இல் அதில் சேர்ந்தது. 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தான ஒப்பந்தம் அங்கே சுரங்கம் தோண்டுவதைத் தடை செய்தது. 2022இல் நம் நாடாளுமன்றமும் அண்டார்க்டிகாவுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. சுற்றுலாக் கப்பல் நிறுவனங்கள் 1991இல் ஒரு சங்கம் அமைத்துத் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டன. 500க்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் யாரையும் கரையிறக்கக் கூடாது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்கக் கூடாது. பெங்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

இந்த விதிகள் காகிதத்திலிருந்து கரைக்கு வருவது யாருடைய கையால்? பயணியின் பூட்ஸைத் தேய்த்துக் கிருமிநாசினியில் முக்குபவர் பணியாளர். சட்டைப் பையிலும் பைகளின் மடிப்பிலும் ஒட்டிய விதைகளை உறிஞ்சியெடுப்பவர் பணியாளர். சமையலறையில் கழிவைப் பிரிப்பவர் பணியாளர். கோழிக் கழிவைக் கிருமி நீக்காமல் அந்தக் கடலில் விடக் கூடாது, பறவை நோய் பெங்குவின்களுக்குப் போய்விடும். இது வெறும் அச்சமல்ல. பறவைக் காய்ச்சல் 2023இல் தெற்கு ஜார்ஜியா தீவையும் 2024இல் அண்டார்க்டிக நிலப்பரப்பையும் எட்டிவிட்டது. அந்த நோயைத் தடுக்க, கரையில் உட்காரவோ மண்டியிடவோ கூடாது என்றும் கப்பல்கள் கட்டுப்பாடு வைத்தன. எரிபொருளும் அப்படித்தான். கனரக எண்ணெய் கொட்டினால் அந்தக் குளிரில் அது எளிதில் சிதையாது என்பதால் 2011 ஆகஸ்ட் முதல் அந்தக் கடலில் அதைக் கொண்டுபோவதே தடை.

ஒரு விதைக்கு இத்தனை கவலையா என்று கேட்பவர் நம் மலையில் இருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் எப்படிப் புல்வெளிகளை விழுங்கியது, ஓடையை எப்படி வற்ற வைத்தது என்று வட்டவடைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தென்கடலில் கிங் ஜார்ஜ் தீவில் மனிதர் காலோடு போன ஒரு சாதாரணப் புல் வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்கி ஒழிக்க அறிவியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறார்கள்.

நமக்கு இந்த ஒழுங்கும் புதிதல்ல. இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்கா ஆனது. வரையாடு குட்டி போடும் பருவத்தில் ஆண்டுதோறும் அதை மூடிவிடுகிறார்கள். எவ்வளவு கூட்டம் வந்தாலும் அதிலுள்ள ராஜமலைக்குப் போகும் ஆட்களுக்குக் கணக்கு உண்டு. பாலக்காட்டின் பரம்பிக்குளத்துக்குப் பொள்ளாச்சி, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போகிறோம். அங்கே காடரும் மலசரும் முதுவரும் வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள். பெரியாற்றிலோ, ஒரு காலத்தில் காட்டில் திருட்டுத்தனமாக வயண மரப்பட்டை உரித்தவர்களே பிறகு குழு அமைத்துக்கொண்டு காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். காட்டை மிக நன்றாக அறிந்தவனுக்கு மரியாதையான வேலையும் நிலையான கூலியும் கிடைத்தபோது காடு பிழைத்தது. தென்பனி நிலத்துக்கும் இதே நியாயம்தான். பதினாலு மணி நேரம் நின்று களைத்தவனால் பூட்ஸின் பிளவுக்குள் ஒட்டிய விதையைத் தேட முடியாது.

இங்கேதான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறோம். பணியாளரைக் காப்பவர் யார்?

2020 பிப்ரவரியில் ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பல் யோகஹாமாவில் கொரோனாவால் நிறுத்திவைக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுமார் 3,700 பேர் இருந்த அந்தக் கப்பலில் இந்தியர் 138 பேர், அவர்களில் 132 பேர் பணியாளர்கள். பயணிகளைக் கேபினுக்குள் இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு வேளாவேளை சாப்பாட்டைக் கதவுவரை கொண்டுபோனவர்கள் பணியாளர்கள். அந்த மார்ச்சில் உஷுவாயாவிலிருந்து தென்கடலுக்குப் புறப்பட்ட ‘கிரெக் மார்ட்டிமர்’ கப்பலில் சோதிக்கப்பட்ட 217 பேரில் 128 பேருக்குத் தொற்று. எந்தத் துறைமுகமும் உடனே கதவு திறக்கவில்லை. உருகுவே மனம் இரங்கியது. ஏப்ரலில் பயணிகள் விமானம் ஏறி ஊர் போனார்கள். பணியாளர்கள் வாரக்கணக்கில் கப்பலிலேயே இருந்தார்கள். நோய் வந்தால் முதலில் இறங்குபவரும் கடைசியில் இறங்குபவரும் யார் என்பதை அந்த ஆண்டு உலகத்துக்கு வெளிச்சம் போட்டுக் காட்டியது.

ஆனால் பணியாளருக்குச் சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். நல்ல சட்டம் இருக்கிறது, நம் பிள்ளைகள் பலருக்கு அது தெரியவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் உருவாகி 2013 ஆகஸ்ட் 20 முதல் உலகில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. கப்பலில் ஓட்டல் வேலை செய்பவரும் அதன்படி கடலோடியே. ஓய்வு நேரத்தைக் கணக்கிடும் முறையில் எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேர ஓய்வு உங்கள் உரிமை. ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பும் செலவு கப்பல் உரிமையாளருடையது. கப்பலில் நோயுற்றால் வைத்தியம் அவர்கள் பொறுப்பு. முறையீடு செய்ததற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது. வேலை வாங்கித் தருவதற்கென்று உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்கக் கூடாது.

கடைசியாகச் சொன்னதை மறுபடி சொல்கிறேன். பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகம் போன்றவற்றுக்கு ஆகும் செலவு உங்களுடையது. ‘சீட் போட’ என்று லட்சக்கணக்கில் கேட்பவன் சட்டத்தை மீறுகிறான். மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் ஆளெடுக்கும் முகவர்களுக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் கொடுக்கிறது. உரிமம் பெற்றவர்களின் பட்டியலை அந்த இயக்ககமே வெளியிடுகிறது. முகவரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள் அம்மா. சந்தேகம் வந்தால் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸில் விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் அனுப்பிப் பிறகு கப்பலில் ஏற்றுகிறேன் என்பவனை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடும் முன்னால் முழுதாகப் படியுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, டிப்ஸை நம்பிய தொகை எவ்வளவு, கூடுதல் நேரத்துக்கு என்ன கணக்கு, எத்தனை மாதம், எந்தக் கொடியின் கீழ் ஓடும் கப்பல் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும். ஓய்வு நேரப் பதிவேட்டில் உண்மையான நேரத்தை மட்டும் எழுதிக் கையெழுத்திடுங்கள். தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர்பிழைத்தல் ஆகிய அடிப்படைப் பயிற்சிகளைச் சான்றிதழுக்காக மட்டும் முடித்துவிட்டு வராதீர்கள். மலையில் பிறந்த நமக்கு நீச்சல் தெரியாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். போவதற்கு முன்னால் கற்றுக்கொள்ளுங்கள். பெற்றோரும் ஒன்று செய்யலாம். மகன் போனில் கூப்பிட்டால் பணத்தைக் கேட்பதற்கு முன் தூக்கத்தைக் கேளுங்கள்.

சட்டம் இருந்தால் போதுமா, தனி ஆளால் கடல் நடுவில் நின்று உரிமை கேட்க முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடையை நான் வெளிநாட்டில் தேடப் போவதில்லை. 2015 செப்டம்பரில் இதே மூணாறு வீதியில், 20 சதவீத போனஸ் கேட்டு, கொழுந்து கிள்ளும் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் பெண்கள். தலைமை தாங்க அரசியல் பிரமுகர்களை அவர்கள் கூப்பிடவில்லை. பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தாங்களே பேசினார்கள், தாங்களே பேரம் நடத்தினார்கள், கேட்டதைப் பெற்றார்கள். அந்தத் தாய்மாரின் பிள்ளைகள்தான் இன்று கப்பலுக்குப் போகிறார்கள். ஒற்றுமையை அவர்கள் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. கப்பலிலும் கடலோடிகளுக்குச் சங்கங்கள் உண்டு, கூட்டு ஒப்பந்தங்கள் உண்டு. சேருங்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் பிலிப்பைன்ஸ்காரனும் உங்கள் கூட்டாளிதான்.

இந்த வாசகர் கூட்டத்துக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் முக்கியப் பகுதிகளை எளிய தமிழிலும் மலையாளத்திலும் சிறு நூலாக்கி நம் நூலகங்களில் வையுங்கள். கப்பல் வேலை முடித்து ஊர் வந்திருப்பவர்களை அழைத்து, போகப்போகும் பிள்ளைகளோடு மாதம் ஒருமுறை உட்கார வையுங்கள். முகவரின் உரிமத்தைச் சரிபார்த்துக் கொடுக்க இரண்டு இளைஞர்கள் முன்வந்தால் பல வீடுகள் கடனிலிருந்து தப்பும். பெரிய செலவில்லாத வேலை இது.

பனிக்கடலைப் பார்க்க உலகத்தின் பணக்காரர்கள் போகட்டும். நம் பிள்ளைகளும் போகட்டும், தலை நிமிர்ந்து போகட்டும். தங்கள் கையில் பிறர் உயிரும் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நிலமும் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன என்ற பொறுப்போடு போகட்டும். அந்தப் பொறுப்புக்கு உரிய கூலியும் உறக்கமும் மரியாதையும் தங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியவை என்று தெரிந்து போகட்டும். கடலில் அவர்கள் ஒருவரை ஒருவர் காப்பார்கள். கரையில் இருக்கும் நாம், அவர்கள் கையெழுத்துப் போடும் நாளிலிருந்து திரும்பி வரும் நாள் வரை, அவர்களுக்குக் காவலாக இருப்போம்.